படுக்கைக் கணக்கில் தடுமாறும் செவிலியர் பயிற்சி

புது தில்லி: மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே, 2023 ஜூலை 28-ம் தேதி மக்களவையில் தேசிய செவிலியர், மகப்பேறு தாதியர் ஆணைய மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட் 8-ம் தேதி மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் இயற்றப்பட்டு, முக்கால் நூற்றாண்டுக்கு மேல் செவிலியர் கல்விக்கு அடிப்படையாக இருந்த இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு விடை கொடுக்க வகை செய்யும் மசோதா அது. அத்தகைய மசோதாவுக்கு அவை ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு.

செவிலியராகப் பதிவு பெறுபவர் எத்தனை நோயாளிகளின் அருகில் நின்று தொழில் கற்றிருக்க வேண்டும், அவர் கற்றாரா என்பதை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி அந்த இரைச்சலில் எழவே இல்லை. இந்தியாவில் செவிலியர்களுக்கென நாடு தழுவிய உரிமத் தேர்வு எதுவும் நடைமுறையில் இருந்ததில்லை. பல்கலைக்கழகத் தேர்விலோ, பட்டயப் படிப்பாயின் அதற்குரிய வாரியத் தேர்விலோ தேறியவர், மாநிலக் குழுமத்தில் விண்ணப்பித்தால் பதிவு பெற்ற செவிலியராகவும் பதிவு பெற்ற தாதியாகவும் ஆகிவிடுகிறார். அடுத்த நாளே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணிக்கு அவரை அமர்த்தத் தடையில்லை. ஆகவே, பதிவு என்ற உத்தரவாதத்தின் முழு எடையும் மாணவப் பருவத்தில் அவர் வார்டில் கழித்த நேரத்தின் மீதே நிற்கிறது. அந்த நேரம் மெய்யாகவே கழிந்ததா என்பதுதான் பிரச்னை.

எல்லையில் இரு பதிவேடுகள்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழகத்தைத் தொட்டு நிற்கும் ஆந்திர மண்டலம் குடிபாலா. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சித்தூர் வளாகம் இந்த மண்டலத்தில்தான் அமைந்துள்ளது. மருத்துவமனையும் செவிலியர் கல்லூரியும் அங்கு இயங்குகின்றன. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் பகுதி இது. தலைமுறை தலைமுறையாக, உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலூருக்கு வண்டி ஏறுவதே சித்தூர் மக்களின் வழக்கம். நோயாளி எல்லை பார்ப்பதில்லை, பதிவேடு பார்க்கிறது.

வேலூரில் படிப்பவர் சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதி, தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பதிவு செய்து கொள்கிறார். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு விஜயவாடாவில் உள்ள டாக்டர் என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் தேர்வு நடத்துகிறது. பதிவு ஆந்திரக் குழுமத்தில். (அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் 2022-ல் ஒய்.எஸ்.ஆர். என்று மாற்றப்பட்டு, 2024-ல் ஆட்சி மாறியதும் மீண்டும் என்.டி.ஆர். ஆனது. பெயர்ப் பலகைக்குக் காட்டிய வேகத்தைப் பயிற்சித் தரத்துக்கும் அரசியல் கட்சிகள் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.) ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் மற்றொன்றில் பணிபுரிய வேண்டுமானால், முதல் குழுமத்திடம் ஆட்சேபணை இல்லை என்ற சான்று பெற்று, இரண்டாவது குழுமத்தில் பரஸ்பரப் பதிவு செய்ய வேண்டும்.

இரு பதிவேடுகளுக்கும் தாய் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. 1926-ம் ஆண்டின் சென்னை செவிலியர், தாதியர் சட்டம், சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தபோது இயற்றப்பட்டது. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்துடன் அந்தச் சட்டமும் அங்கே சென்றது. 1960-ல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் இத்தனை முறை மாறியும் செவிலியரைப் பதிவு செய்யும் முறையின் அடிப்படை மாறவில்லை: தேர்ச்சிச் சான்று, கட்டணம், பதிவு எண்.

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கிய இரு இடங்களில் ஒன்று தில்லி, மற்றொன்று வேலூர். இரண்டுக்கும் ஆண்டு 1946. அதே ஆண்டு வெளியான போர் குழு அறிக்கை, பிரிக்கப்படாத இந்தியாவில் சுமார் 7,000 செவிலியர்களே இருப்பதாகக் கணக்கிட்டு, 43,000 பேருக்கு ஒருவர் என்று கவலை தெரிவித்தது. அன்றைய பிரச்னை எண்ணிக்கை. செவிலியர் பள்ளி என்பதே ஒரு பெரிய மருத்துவமனையின் உறுப்பாக இருந்த காலம் அது. மாணவி விடுதியில் எழுந்து வார்டுக்குப் போவார், வார்டிலிருந்து வகுப்புக்கு வருவார். பயிற்சிக்கு நோயாளி கிடைப்பாரா என்ற கேள்வியே எழவில்லை. மருத்துவமனை இல்லாத செவிலியர் கல்லூரி என்பது பின்னாளைய கண்டுபிடிப்பு.

விதிகள் சொல்வது என்ன?

விதிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கான திருத்தப்பட்ட விதிமுறைகளையும் பாடத்திட்டத்தையும் இந்திய நர்சிங் கவுன்சில் 2021 ஜூலையில் அரசிதழில் வெளியிட்டது. ஆண்டுத் தேர்வு முறை போய் எட்டுப் பருவங்கள் வந்தன. வகுப்பறைப் பாடத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு மதிப்பலகு எனில், மருத்துவமனைப் பயிற்சிக்கு வாரம் நான்கு மணி நேரம் சேர்ந்தால்தான் ஒரு மதிப்பலகு. எட்டாம் பருவத்தில் 22 வாரங்கள், வாரம் 48 மணி நேரம் வீதம் 1,056 மணி நேரம் முழுநேரப் பணிப்பயிற்சி. சமூக நலம், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு ஆகியவற்றுக்குத் தலா நான்கு வாரங்கள். பெரியவர்களுக்கான பொதுப் பராமரிப்புக்கு ஆறு வாரங்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும். ஆனால், பட்டம் வழங்கும் முன்பாக ஒவ்வொரு செயல்முறைப் பிரிவிலும் 100 சதவீத வருகை நிறைவு பெற்றிருக்க வேண்டும்.

கல்லூரிக்கான நிபந்தனைகளும் தெளிவானவை. பட்டப்படிப்புக் கல்லூரிக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை தேவை. இணைப்பு மருத்துவமனை எனில் 50 படுக்கைகளுக்குக் குறையக்கூடாது. கல்லூரியிலிருந்து 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். படுக்கைகளில் குறைந்தது 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் காக்கப்பட வேண்டும். அறக்கட்டளை உறுப்பினர் ஒருவரின் மருத்துவமனையைச் சொந்த மருத்துவமனையாகக் காட்டினால், குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வேறெந்தக் கல்லூரிக்கும் அதைத் தருவதில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். இப்படியொரு உறுதிமொழியைக் கேட்க வேண்டிய நிலை வந்ததே, நடந்தது என்ன என்பதைக் கூறிவிடுகிறது. ஒரே மருத்துவமனையைப் பல கல்லூரிகள் தமதென்று காட்டும் பழக்கம் இல்லாதிருந்தால் இந்த விதிக்கு அவசியமே இருந்திராது.

இனி கணக்கைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 60 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 240 பேர். 100 படுக்கைகளில் 75 நிரம்பியிருந்தால், மூன்று நோயாளிக்கு ஒருவர் என்ற விகிதப்படி ஒரு நேரத்தில் அங்கே கற்கக்கூடியவர்கள் 25 பேர். காலை, மாலை என இரண்டு முறைகளாகப் பிரித்தாலும் 50 பேர். மற்றவர்கள் வகுப்பில் இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கலாம். ஆயினும், பெரும் பகுதியினர் வேறு மருத்துவமனைகளை நாடியே தீர வேண்டும். அந்த வேறு மருத்துவமனை, ஏறத்தாழ எப்போதும் மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனைதான். தனியார் கல்லூரிகள் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்டணம் செலுத்தி, தம் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகின்றன.

அரசு மருத்துவமனையின் ஒரே வார்டுக்கு எத்தனை பேர் உரிமை கோருகின்றனர் என்பதை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், பி.எஸ்சி. மாணவர்கள், மூன்றாண்டு பட்டயப் படிப்பு மாணவர்கள், துணைச் செவிலியர் பயிற்சியில் உள்ளவர்கள் என எல்லோருக்கும் அதே படுக்கைகள். சித்தூர் மாவட்ட அரசு மருத்துவமனையே 2010-களில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் பயிற்சித் தேவைக்கு அளிக்கப்பட்டது. திருப்பதியின் நிலை ஓரளவு மேல். தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் (சிம்ஸ்), ரூயா அரசு மருத்துவமனையும் அங்கே உள்ளன; சிம்ஸ் தன் சொந்தப் படுக்கைகளின் பக்கத்திலேயே செவிலியர் கல்லூரியையும் நடத்துகிறது. குடிபாலாவிலும் மருத்துவமனை முதலில், கல்லூரி அதன் பின் என்ற பழைய முறையே. இந்த முறையில் நடப்பவற்றையும், ஒப்பந்தக் காகிதத்தின் பலத்தில் நடப்பவற்றையும் மாநிலப் பதிவேடு வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

மனநலப் பயிற்சியில் இந்த முரண் இன்னும் வெளிப்படை. ஆந்திரத்தின் பழமையான அரசு மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. சித்தூரிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையும் அதைவிட எவ்வளவோ அருகில் உள்ளன. தொலைவை அளக்கும் விதி, மாநில எல்லையோரத்துக் கல்லூரிகளின் இந்த நடைமுறை உண்மைகளைக் கருதி எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரசவ அறையில்

மகப்பேறுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டாலே விஷயம் விளங்கும். பதிவு பெறுபவர் செவிலியர் மட்டுமல்லர், தாதியும் ஆவார். முந்தைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் 20 இயல்பான பிரசவங்களைத் தாமே நடத்தியிருக்க வேண்டும், 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்று பதிவுப் புத்தகம் கேட்டது. 60 பேர் கொண்ட வகுப்புக்கு 1,200 பிரசவங்கள். ஒரு தாலுகா மருத்துவமனை ஓர் ஆண்டில் இதை எட்டுவது எளிதன்று. எட்டினாலும் அங்கே பயிற்சிக்கு வருவது ஒரே ஒரு கல்லூரி அன்று.

அதிலும் இயல்பான பிரசவங்கள் குறைந்து வருகின்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் பிரசவங்களில் 44.9 சதவீதமும், ஆந்திரத்தில் 42.4 சதவீதமும் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. தேசிய சராசரி 21.5 சதவீதம். அறுவை சிகிச்சைப் பெருக்கத்தின் மற்ற தீமைகள் பலமுறை பேசப்பட்டுள்ளன. தாதியாகப் பதிவு பெறப்போகும் மாணவியின் கைக்கு எட்ட வேண்டிய பிரசவங்களும் அதனால் பாதியாகின்றன என்பது பேசப்படுவதில்லை.

குழந்தை பிறந்த பின் முதல் ஒரு மணி நேரம் தாயின் உயிருக்கு மிக ஆபத்தானது. கர்ப்பப்பை பந்துபோல இறுகியிருக்க வேண்டும். தளர்ந்து மாவுபோல இருந்தால் ரத்தம் கொட்டத் தொடங்கும். வயிற்றின் மீது கை வைத்துத்தான் இந்த வேறுபாட்டை அறிய முடியும். துணி நனைவதைக் கண்டு அளவை ஊகிக்கவும், ஆக்சிடோசின் ஊசி எங்கே இருக்கிறது என்று தேடாமல் எடுக்கவும், மருத்துவரை எந்த நொடியில் அழைப்பது என்று முடிவு செய்யவும் பழகியிருக்க வேண்டும். பொம்மை உடலில் படிகளைக் கற்றுக்கொள்ளலாம். தளர்ந்த கர்ப்பப்பையின் தொடுவுணர்வை, உண்மையான தாயின் அருகில் அனுபவமுள்ள மூத்த செவிலியரின் கை வழியாகவே பெற முடியும். ஒரு பிரசவத்தைச் சுற்றி எட்டு மாணவியர் நின்றால், கை வைத்தவர் ஒருவர்; ஏழு பேர் பார்த்தவர்கள். பதிவுப் புத்தகத்தில் எட்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய பாடத்திட்டத்தின் முதல் பருவத்திலேயே ஆங்கில உரையாடலுக்கு இடம் உண்டு. அயல்நாட்டு வேலையை எண்ணி அது தேவையாக இருக்கலாம். ஆனால், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதைச் சித்தூர்ப் பெண் தெலுங்கிலோ தமிழிலோதான் சொல்வார். வேறு மாநிலத்திலிருந்து வந்து படிக்கும் மாணவிக்கு அந்த மொழியைக் கற்பிப்பதும் மருத்துவமனைப் பயிற்சியின் ஒரு பகுதியே.

காகித மருத்துவமனைகள்

விதிகள் காகிதத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சான்று. மருத்துவமனையும் ஆசிரியர்களும் இல்லாமலேயே செவிலியர் கல்லூரிகள் அனுமதி பெற்றுள்ளன என்று சட்ட மாணவர் சங்கம் ஒன்று ஜபல்பூரில் உயர் நீதிமன்றத்தை அணுகியது. ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 308 கல்லூரிகளை ஆய்ந்த சி.பி.ஐ., 169 தகுதியானவை, 74 குறைபாடுள்ளவை, 65 தகுதியற்றவை என்று அறிக்கை அளித்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2024 மே மாதம், ஆய்வுக்குச் சென்ற தனது ஆய்வாளர் ஒருவரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது, கல்லூரிக்குச் சாதகமான அறிக்கை தருவதற்காகப் பணம் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. தகுதியானவை என்று சான்று பெற்ற 169 கல்லூரிகளையும் நீதித்துறை அலுவலர் முன்னிலையில், விடியோ பதிவுடன் மீண்டும் ஆய்வு செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 66 கல்லூரிகளை மூட மாநில அரசு ஆணையிட்டது. இதற்கிடையே நசுங்கியவர்கள் மாணவர்கள். 2020-21-ல் சேர்ந்தவர்கள் முதலாண்டுத் தேர்வுக்கே 2024 வரை காத்திருந்தனர். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய குடும்பங்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊழல் என்ற ஒரு சொல்லில் இதை அடக்கிவிடுவது எளிது. ஆனால், ஆய்வு முறையிலேயே ஓட்டை இருக்கிறது. ஆய்வுக் குழு ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே தெரிந்த ஒரு நாளில் வருகிறது. அன்று படுக்கைகளில் ஆள் இருந்தால் போதும். ஆண்டின் மற்ற நாள்களில் அந்தப் படுக்கைகளில் யார் இருந்தார்கள், எத்தனை மாணவர்கள் அருகில் நின்றார்கள் என்பதற்குத் தினசரிக் கணக்கு கேட்கப்படுவதில்லை.

அதிகாரம் யாருக்கு என்பதிலும் தெளிவில்லை. 1947-ம் ஆண்டுச் சட்டம் தகுதிகளை, அதாவது பட்டங்களையும் பட்டயங்களையும் அங்கீகரிக்கும் அதிகாரத்தை கவுன்சிலுக்குக் கொடுத்ததே தவிர, தனித்தனிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. கல்லூரி நிர்வாகங்கள் தொடுத்த வழக்கு அது. கர்நாடகத்தில் படித்த பிற மாநில மாணவர்கள், தம் ஊர்க் குழுமம் பதிவு செய்யுமா, வங்கி கடன் தருமா என்று அலைந்தனர். கவுன்சில், மாநிலக் குழுமம், பல்கலைக்கழகம், மாநில அரசு என நான்கு முத்திரைகள் இருந்தும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை என்ற நிலை.

வெளிநாடுகள் வேறு வழியா?

ஐரோப்பிய ஒன்றியம் மணிக் கணக்கை நம்புகிறது. பொதுச் செவிலியர் படிப்புக்கு 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளிகளிடையே கழிய வேண்டும் என்கிறது அதன் வழிகாட்டு ஆணை. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகிய பின்னரும் 2,300 மணி நேரச் செயல்முறையை விடவில்லை. இந்தியாவிலிருந்து செல்லும் செவிலியர்களைக் கணினித் தேர்வுடன் விட்டுவிடாமல், பத்து நிலையங்கள் கொண்ட செயல்முறைத் தேர்விலும் அமர்த்துகிறது. கை கழுவுவது முதல் மருந்து கொடுப்பது வரை ஒருவர் நின்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்.

அமெரிக்கா தேர்வை நம்புகிறது. மருத்துவமனைப் பயிற்சி நேரத்துக்கு அங்கே நாடு முழுவதற்கும் ஒரே அளவு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால், என்கிளெக்ஸ் எனப்படும் உரிமத் தேர்வைத் தாண்டாமல் எவரும் செவிலியராக முடியாது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் அது நடத்தப்படுகிறது. 2023 ஏப்ரலில், நோயாளியின் நிலையைப் படிப்படியாகக் கொடுத்து முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் விதத்தில் அந்தத் தேர்வு திருத்தி அமைக்கப்பட்டது. இந்தியாவுக்கும் இதுபோன்ற தேர்வு ஒன்றே தீர்வு என்று வாதிடுவோர் தில்லியில் உண்டு.

அவர்கள் அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் வெடித்த மோசடியையும் கவனிக்க வேண்டும். தெற்கு ஃபுளோரிடாவின் மூன்று பள்ளிகள் சுமார் 7,600 போலிச் செவிலியர் பட்டயங்களை விற்றிருந்தன. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் உரிமத் தேர்விலும் தேறிவிட்டனர். வார்டுக்கே போகாமல், அல்லது கீழ்நிலைப் பணியில் கிடைத்த பழக்கத்தைக் கொண்டே, எழுத்துத் தேர்வைக் கடக்க முடியும் என்பதை அந்த வழக்கு அம்பலமாக்கியது. பயிற்சி நடந்ததற்கான சான்று பொய்யானால், அதன் மேல் வைக்கும் தேர்வு பாதிக் காவல்தான்.

செயற்கைச் சூழல் பயிற்சியும் இங்கே பேசப்பட வேண்டியதே. மருத்துவமனைப் பயிற்சியில் பாதி அளவு வரை தரமான செயற்கைச் சூழலில் அளித்தாலும் தேர்ச்சியில் வேறுபாடு இல்லை என்று அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இந்தியக் கல்லூரி நிர்வாகங்களுக்கு இனிப்பான செய்தி. ஆனால், அந்த ஆய்வில் பயிற்றுவித்தவர்கள் அதற்கென்றே முறையாகப் பழக்கப்பட்டவர்கள். ஒரு பொம்மையை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, ஆய்வு நாளில் மட்டும் திறக்கும் இடங்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.

சட்டத்தின் மிச்சப் பணி

2023-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆணையத்தில் 29 உறுப்பினர்கள். மாநிலச் சட்டத்தின் கீழ் ஆணையம் இல்லாத இடங்களில் மாநில அரசுகள் 10 உறுப்பினர்கள் கொண்ட ஆணையத்தை அமைக்க வேண்டும். புதிய கல்லூரிகளுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மதிப்பீட்டு வாரியத்தின் அனுமதி கட்டாயமாகிறது. விண்ணப்பத்தின் மீது ஆறு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிவு பெறாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். கர்நாடகத் தீர்ப்பு சுட்டிய அதிகாரக் குழப்பத்துக்கு இதில் விடை இருக்கிறது. மாநில ஆணையங்களின் பணிகளில் திறன் சார்ந்த தேர்வு நடத்துவதும் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. அந்தச் சில சொற்களில்தான் இனி எல்லாம் அடங்கியுள்ளது. விதிகளை வகுப்போர் அதை மற்றுமொரு தாள் தேர்வாக ஆக்கலாம். நோயாளியின் அருகில் வெளியார் ஒருவர் நின்று பார்க்கும் தேர்வாகவும் ஆக்கலாம். படுக்கை நிரம்பிய கணக்கை மாதந்தோறும் கல்லூரி வாரியாக வெளியிடச் செய்வதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஆந்திரமும் தமிழகமும் வெவ்வேறு அளவுகோல்களைப் பிடித்தால், சாலையின் இந்தப் பக்கம் கிடைக்காத அனுமதி அந்தப் பக்கம் கிடைக்கும்.

பயிற்சி என்ற பெயரில் மாணவியரை ஊதியமற்ற ஊழியராக ஆக்கிவிடக் கூடாது என்பதும் பழைய எச்சரிக்கையே. சரோஜினி வரதப்பன் தலைமையில் மத்திய அரசு 1987-ல் அமைத்த உயர்நிலைக் குழு, செவிலியர் கல்வியையும் செவிலியர் பணியையும் ஒன்றாகக் குழப்பும் போக்கை ஆராய்ந்தது. மூத்த செவிலியர் போதுமான அளவில் இல்லாத வார்டில் மாணவிக்குக் கற்றுக்கொடுக்க ஆள் ஏது? உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கற்றுத்தரக்கூடிய அனுபவசாலிகள் நிலைத்து நிற்பதும், விமானம் ஏறுவதும் இதைப் பொறுத்தது.

மருத்துவக் கல்லூரிகளின் வளாகத்திலேயே 157 அரசு செவிலியர் கல்லூரிகளை 1,570 கோடி ரூபாயில் தொடங்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு சுமார் 15,700 பட்டதாரிகள் என்பது இலக்கு. தமிழகத்துக்கு ஒதுக்கப்பட்ட 11-ல், ஆந்திர எல்லையோர மாவட்டமான திருவள்ளூரின் மருத்துவக் கல்லூரியும் ஒன்று. கட்டடத்துக்கு முன்பே மருத்துவமனை இருக்கிறது என்பதே இத்திட்டத்தின் பலம். கல்லூரிக்கு 100 இடங்கள் எனில் நான்கு ஆண்டுகளில் 400 மாணவர்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் வார்டில் நின்றாலும், மூன்றுக்கு ஒன்று என்ற விகிதப்படி 600 நோயாளிகள் வேண்டும். எம்.பி.பி.எஸ். மாணவர்களும், பேருந்தில் வந்து இறங்கும் தனியார் கல்லூரி மாணவியரும் அந்தக் கணக்கில் சேரவில்லை.